ஆறு மாதத்துப் பணம்

காளியப்பனுக்குப் பொய் சொல்ல வராது. ஐம்பத்தொரு வயதுக்குள் அவர் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனையும் மனைவி புஷ்பவள்ளியிடம் சொன்னவை, அத்தனையும் அன்று மாலைக்குள் பிடிபட்டவை. அந்த மனிதர் ஒரே பொய்யை ஆறு மாதம், மாதாமாதம் கணக்குப் பிசகாமல், கட்டிக் காப்பாற்றினார் என்றால் யோங் பெங் ஊரில் அவரைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் காப்பாற்றினார். முதல் நாளே பிடிபட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வேலை போன கதையிலிருந்து தொடங்க வேண்டும். ஊருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு இருபத்து மூன்று வருட வேலை. கடைசி எட்டு வருடம் மெஷின் பகுதிக்கு சூப்பர்வைசர். ஜனவரியில் ஆர்டர் சுருங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் கேண்டீன் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். பெயர் இருப்பவர்கள் ஆபீசில் கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, ஆபீசில் வேலை செய்யும் ஹேமநாதன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைப் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது, மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னான். நல்லது நினைத்துத்தான் சொன்னான், பாவம்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுநாள் கடிதத்தை வாங்கியிருப்பார்கள். காளியப்பனால் முடியவில்லை. அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் வாசிக்கும் நேரத்தில், கணக்கெழுதும் கிராணி அவருடைய அப்பாவின் பெயரை வாசித்துவிட்டு, "நீ தள்ளி நில்லு" என்று சொன்னார். முந்தின நாள் ஏதோ வாய்த்தகராறு. மற்றவர்கள் எல்லாரும் வேலைக்காட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் வெயில் ஏறும்வரை அந்த இடத்திலேயே நின்றார். சாப்பாட்டுத் தூக்கோடு அவர் நின்றதை மகன் பார்த்தான். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அப்பா அதன் பிறகு முப்பது வருடம் உயிரோடிருந்தார். ஆனாலும் மகன் மனதில் அவர் இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறார்.

தன் பெயரைப் பலகையில் ஒட்டி, கேண்டீனுக்குச் சோறு வாங்கப் போகிறவனெல்லாம் விரல் வைத்து வாசிப்பதா? வியாழக்கிழமை சாயங்காலமே காளியப்பன் நாலு வரி எழுதிக் கொடுத்தார். சொந்த விருப்பத்தின்பேரில் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன். மறுநாள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கூட வேலை செய்த மனோகரன் பெயர் இருந்தது. அவன் தோளில் கைபோட்டு, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று ஆறுதல்கூடச் சொன்னார் நம் ஆள். அந்த ஒரு நாள் கௌரவத்தைத் தவிர அந்தக் கடிதம் அவருக்கு வேறு எதையும் வாங்கித் தரவில்லை. இரண்டு வாரத்தில் முதலாளி கதவையே அடைத்துவிட்டுப் போய்விட்டார். நஷ்டஈட்டுக்கு லேபர் ஆபீசில் வழக்கு, அது எந்தக் காலத்தில் முடியுமோ. ஆக, வீட்டில் அவர் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள் என்று புஷ்பவள்ளி நினைத்துக்கொண்டாள். அவரும் அப்படியே விட்டுவிட்டார்.

வேலை போனவர்களுக்கு அரசாங்கத் தொழிலாளர் காப்பீடான சொக்சோ ஆறு மாதம்வரை பணம் தருகிறது என்ற சேதியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் புஷ்பவள்ளிதான். தமிழ்ப்பள்ளி கேண்டீனில் வேலை செய்கிறவளுக்கு ஊர்ச் சேதி எதுவும் தப்பாது. முதல் மாதம் சம்பளத்தில் எண்பது விழுக்காடு, அடுத்த மாதம் பாதி, பிறகு இரண்டு மாதம் நாற்பது, கடைசி இரண்டு மாதம் முப்பது என்று மனோகரனின் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். அறுபது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டுமாம். ஒரு ஃபைலில் அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கிக் கையில் கொடுத்து, பத்து பகாட் ஊரிலிருந்த அவர்கள் அலுவலகத்துக்குத் துரத்திவிட்டாள்.

சொக்சோ அலுவலகத்தில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு லோஷினியைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். லோஷினி இவர்களுடைய ஒரே மகள், அந்த வருடம்தான் பல்கலைக்கழகத்துக்கு முந்தின எஸ்டிபிஎம் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அந்தப் பெண் கணினியை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "பாக்சிக், இனி பெர்ஹெந்தி செண்டிரி," என்றாள். மாமா, நீங்கள் தானாக நின்றவர் என்று அர்த்தம். தானாக நின்றவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. அவள் அதோடு விடவில்லை, யாராவது கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினார்களா, அப்படியானால் அதைச் சொல்லுங்கள், விசாரிக்கலாம் என்று கேட்டாள். இல்லை என்றார் காளியப்பன். அது உண்மை. வேண்டாத இடத்தில் உண்மையும் வேண்டாத இடத்தில் பொய்யும் சொல்வதற்கென்றே பிறந்த மனிதர்.

வீட்டுக்கு வந்தபோது புஷ்பவள்ளி அடுப்படியில் இருந்தாள். லோஷினி மேசையில் அமர்ந்து பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். முதல் விருப்பம் ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகம், கட்டடச் செலவு கணிக்கும் படிப்பு. அவள் புத்தி அந்தப் பக்கம்தான் ஓடும். போன வருடம் அடுப்படிக்கு டைல்ஸ் மாற்றியபோது நாடாவை வைத்து அளந்து, உடைசலையும் சேர்த்து இத்தனைதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். கடைக்காரச் சீனர் நம்பாமல் பத்து டைல்ஸ் கூடக் கொடுத்தார், பத்தும் மிச்சமாகித் திரும்பிப் போயிற்று.

"என்னங்க, கிடைச்சிருச்சா?" என்றாள் புஷ்பவள்ளி.

மகள் பேனாவை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். விண்ணப்பத்தில் பாதிதான் முடிந்திருந்தது. இல்லை என்று சொன்னால் அந்தப் பேனா மறுபடி ஓடாது என்று காளியப்பனுக்குத் தோன்றியது.

"கிடைச்சிருச்சு. ஆறு மாசம்," என்றார்.

முதல் மாதத்துப் பணத்தை மிச்சமிருந்த கடைசிச் சம்பளத்தையும் சேமிப்பையும் போட்டு ஒப்பேற்றினார். இரண்டாம் மாதத்துக்கு வழியில்லை. பள்ளியில் கூடப் படித்த ஜெயபாலன் காஹாங்கில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் காண்ட்ராக்ட் எடுத்திருப்பது நினைவுக்கு வந்தது. அப்பா தள்ளி நின்ற தோட்டம் இல்லை இது, வேறொன்று. வாழ்க்கை அந்த அளவுக்கெல்லாம் பொருத்தம் பார்ப்பதில்லை. ஜெயபாலன் அவர் வயதையும் வயிற்றையும் பார்த்தார், குலை வெட்ட ஆகாது என்று சொன்னார். உதிரிப்பழம் பொறுக்கலாம். வெட்டிய குலை மேலிருந்து விழும்போது சிதறும் பழங்களைப் பொறுக்கி, சாக்கில் கட்டி, ரோட்டோரம் வைக்க வேண்டும். தோட்டத்தில் பெண்கள் செய்யும் வேலை. மெஷின் பகுதியில் முப்பது பேரை மேய்த்த சூப்பர்வைசர், இரண்டு இந்தோனேசியப் பெண்களுக்குப் பக்கத்தில் குந்தி, முள்மட்டைக்கு அடியில் கைவிட்டுப் பழம் பொறுக்கினார்.

விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். சட்டை, நீளக் கால்சட்டை, கையில் அந்த ஃபைல். சொக்சோக்காரர்கள் குளுவாங் ஊரில் மெஷின் ரிப்பேர் கோர்ஸ் கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். தோட்டத்தில் பழந்துணிக்கு மாறி, வேலை முடிந்ததும் ஆட்கள் குளிக்கும் குழாயடியில் குளித்து, மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு வீடு திரும்புவார். எண்ணெய் வாடை வருகிறதே என்றால், மெஷின் எண்ணெய். கையில் என்ன கீறல் என்றால், இரும்பு கிழித்தது. புஷ்பவள்ளி இதையெல்லாம் நம்பினாள். நம்பியதோடு இல்லாமல், என் வீட்டுக்காரரை சொக்சோவில் கோர்ஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கேண்டீனில் பெருமையடித்துக்கொண்டாள்.

எவ்வளவு கொடுப்பது என்பதுதான் பெரிய வித்தை. அவருக்கும் மனோகரனுக்கும் பழைய சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். மனோகரனுக்குப் பணம் விழுந்த அன்று அவனோடு போய்த் தே தாரிக் டீ குடிப்பார். அவன் போனைத் திறந்து காட்டுவான், இவ்வளவுதாண்டா வந்திருக்கு என்று நொந்துகொள்வான். காளியப்பனும் எனக்கும் அதேதான் என்று தலையாட்டுவார். மறுநாள் அதே தொகையைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைப்பார். நாலாம் மாதம் வரும்போது அவர் பொறுக்கிய பழம் அதைவிடக் கூடவே கொடுத்தது. ஆனால் கூடக் கொடுத்தால் பிடிபடும். மீதியைத் தனியாகச் சேர்த்தார். லோஷினிக்கு இடம் கிடைத்தால் சேர்க்கைச் செலவு, கல்விக் கடன் வந்து சேரும்வரை சாப்பாட்டுச் செலவு. தன் உழைப்பில் பாதியைத் தன் பெண்டாட்டியிடமே மறைத்து வைக்கும்படி ஆயிற்று அந்த மனிதருக்கு.

ஞாயிற்றுக்கிழமைகள் பெரும் தொல்லை. வாராவாரம் எங்கெங்கே வேலை தேடினோம் என்று பதிய வேண்டும், இல்லையென்றால் பணம் நின்றுவிடும் என்று மனோகரனின் மனைவி சொல்லிவைத்திருந்தாள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் புஷ்பவள்ளி ஒரு தாளோடு வந்து அவர் எதிரில் உட்காருவாள். டயர் கடை, மாவு மில், ஆயர் ஹீத்தாம் பக்கம் ஒரு கிடங்கு என்று வாரம் முழுக்க விசாரித்து எழுதிவைத்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பாள். காளியப்பன் போனில் மும்முரமாகத் தட்டுவார். எல்லாம் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்தி. ஒரு தடவை, "குடுங்கப்பா, நான் செய்யுறேன்," என்று லோஷினி கை நீட்டினாள். வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டார். வேலை கேட்டு வேலை கேட்டு அப்பா நொந்துபோயிருக்கிறார், இனிமேல் அவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை அன்றைக்கு முடிவு செய்திருக்க வேண்டும்.

ஜூன் மாதம் புஷ்பவள்ளி அடுப்படிச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஆகஸ்ட் கடைசியைச் சிவப்புப் பேனாவால் வளைத்தாள். அதற்குப் பிறகு சொக்சோ பணம் கிடையாது. கேண்டீன் சம்பளம் அரிசி பருப்புக்குச் சரியாகப் போகும், வீட்டுத் தவணைக்கு என்ன செய்வது? டிவி சந்தாவை நிறுத்தினாள். மீனை வாரத்துக்கு ஒருநாளாக்கினாள். பள்ளி லீவில் பலகாரம் சுட்டு விற்கலாமா என்று பார்த்தாள், எண்ணெய் விலையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். செப்டம்பருக்கு என்ன வழி என்று அவரைக் கேட்டபோது, "பாத்துக்கலாம் லா," என்றார்.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அவருக்கும் வாய்வரை வந்தது. ஆனால் என்னவென்று சொல்வது? உன் புருஷன் பழம் பொறுக்குகிறான் என்றா? ஜெயபாலன் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். தோட்டத்து ஸ்டோர் கீப்பர் ஆகஸ்டோடு ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்குக் காளியப்பன் பெயரைச் சொல்லியிருக்கிறேன் என்று. மாதச் சம்பளம், இபிஎஃப் சேமநிதி, சொக்சோ எல்லாம் உண்டு. வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய வேலை. ஆறாம் மாதம் முடியட்டும், ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்துவிட்டது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாம், பொய்யும் முடியும், பணமும் நிற்காது. இப்படி ஒரு திட்டம். யோசித்துப் பார்த்தால் நல்ல திட்டம்தான். அவர் மட்டும் அந்த வீட்டில் தனியாக இருந்திருந்தால்.

ஆகஸ்ட் நடுவில் பல்கலைக்கழக முடிவு வந்தது. அன்றைக்குப் பழம் பொறுக்கக் கையே ஓடவில்லை. மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார். லோஷினி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கேட்பதற்கு முன்னால், அவர் முகத்தைப் பார்க்காமல், "வரலப்பா," என்றாள்.

மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். எஸ்டிபிஎம்மில் அவ்வளவு நல்ல மதிப்பெண், அந்தப் பிள்ளைக்கு இடமில்லையென்றால் யாருக்குத்தான் இடம்? உள்ளே போனபோது புஷ்பவள்ளியின் கண்கள் சிவந்திருந்தன, வெங்காயம் என்றாள். அழுதிருக்கிறாள், மகளுக்கு இடம் கிடைக்கவில்லை என்று அழுதிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டார். அன்றிரவு சாப்பிடும்போது லோஷினியே பேச்சை எடுத்தாள். கூடப் படித்தவள் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாளாம், அங்கே ஆள் எடுக்கிறார்களாம். எல்லைக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில் நாலைந்து பெண்கள் சேர்ந்து வீடெடுத்திருக்கிறார்கள், வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். செப்டம்பர் ஒன்றாம் தேதி சேரலாம். காளியப்பன், அவசரப்படாதேம்மா, கொஞ்சம் பொறு என்று மட்டும் சொன்னார். பொறுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை ஜெயபாலன் வேலைக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். ஸ்டோர் கீப்பர், செப்டம்பர் முதல். காளியப்பன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குளுவாங்கில் வண்டியை நிறுத்தி, சேர்த்துவைத்த பணம் முழுவதையும் பேங்கிலிருந்து எடுத்தார். ஒரு தனியார் கல்லூரியின் வாசலில் கொடுத்த தாளையும் வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். அரசாங்கம் இடம் கொடுக்காவிட்டால் போகட்டும். வழியெல்லாம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் சந்தோஷமாக வீடு திரும்பினார்.

இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கடிதத்தை மேசையில் வைத்தார், பணம் இருந்த உறையைப் பக்கத்தில் வைத்தார்.

"ஷினி, நீ சிங்கப்பூருக்கெல்லாம் போக வேணாம்மா. அப்பாவுக்கு வேலை கிடைச்சிருச்சு. படிக்கிற வழியப் பாரு."

யாரும் சிரிக்கவில்லை. லோஷினி அம்மாவைப் பார்த்தாள். புஷ்பவள்ளி கடிதத்தை எடுத்து வாசித்தாள், பாதி வாசித்ததும் அதை மேசையில் வைத்துவிட்டாள்.

"இதப் போன வாரமே சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

"இன்னிக்குத்தானே குடுத்தாங்க. ஏன், என்ன இப்போ?"

லோஷினிதான் சொன்னாள். சத்தமில்லாமல், தவறு செய்த பிள்ளை மாதிரி குனிந்துகொண்டு சொன்னாள். "இடம் கிடைச்சிச்சுப்பா. ஸ்கூடாய்லதான். நான் கேட்ட படிப்புதான். நான்தான் வேணாம்னு போட்டுட்டேன்."

காளியப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. வரவில்லை என்றாயே என்றார். அப்படிச் சொன்னால்தான் நீங்கள் சும்மா இருப்பீர்கள் என்றாள் மகள். கிடைத்தது என்று தெரிந்தால் எங்கேயாவது கடன் வாங்குவீர்கள், வட்டிக்காரனிடம்கூடப் போவீர்கள். உங்கள் பணம் ஆறாம் மாதத்தோடு நின்றுவிடும், பிறகு வீட்டுத் தவணையை யார் கட்டுவது? முடிவு வருவதற்கு முன்னாலேயே அம்மாவும் அவளும் நாலு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். டைல்ஸ் கணக்கில் ஒன்றுகூடத் தப்பாத பிள்ளை. அப்பா சொன்ன தொகைகளை வைத்துப் போட்ட கணக்கு, தப்பவில்லை. செப்டம்பரில் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் அவள்தான்.

"நாளைக்குச் சாயங்காலம்வரைக்கும் டைம் இருக்குப்பா பதில் சொல்ல. ஆனா சும்மா விட்டா தினமும் அதையே தொறந்து தொறந்து பாத்துக்கிட்டு இருப்பேன். என்னால முடியல. அதான் நானே முடிச்சிட்டேன்."

காளியப்பன் தன் மகளைப் பார்த்தார். அந்த முகம் புஷ்பவள்ளியின் முகம். ஆனால் அந்தக் காரியம் அவர் செய்த காரியம், வியாழக்கிழமை சாயங்காலம் நாலு வரி எழுதிக் கொடுத்த அதே காரியம். தானாக வருமட்டும் காத்திருக்கப் பொறுக்காமல், தன் கையாலேயே முடித்துக்கொள்கிற வம்சம். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதற்கு மேல் அவரால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். ஹேமநாதன் சொன்னது, கடிதம் கொடுத்தது, பத்து பகாட்டுப் பெண், காஹாங், உதிரிப்பழம், மனோகரனோடு குடித்த தே தாரிக். சொக்சோவிலிருந்து ஒரு காசு வந்ததில்லை. வராத பணம் எப்படி நிற்கும்? ஆறாம் மாதத்தோடு நிற்கிற பணம் என்று ஒன்று அந்த வீட்டில் இருக்கவே இல்லை.

புஷ்பவள்ளி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் உறையைத் தொடவில்லை. அவர் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினாள். உள்ளங்கையில் கறுத்துப்போன முள் தடங்கள், நகக்கண்ணில் போகாத கறை.

"தினமும் இந்தக் கையிலதானே சோறு போட்டேன்," என்றாள். "இரும்பு கிழிச்சதுன்னு நம்பினேனே. நானும் தோட்டத்துல பொறந்தவதானே, முள்ளு குத்தின கை எனக்குத் தெரியாதா? சொக்சோ காசு சொக்சோ காசுன்னு அதையே பாத்துக்கிட்டிருந்துட்டேன்." பிறகுதான் அழுதாள், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு.

மறுநாள் காலை எட்டு மணிக்கே விண்ணப்ப அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். லோஷினி மலாயில் விவரத்தைச் சொன்னாள், இடையில் காளியப்பன் போனை வாங்கிக்கொண்டார். கெடு இன்னும் முடியவில்லையே, சாயங்காலம்வரை இருக்கிறதே என்று கேட்டார். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள், பொறுமையாகப் பதில் சொன்னாள். கெடு இருப்பது உண்மைதான், பதிலே சொல்லாமல் இருந்திருந்தால் இப்போதும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இந்த மாணவி "தோலாக் செண்டிரி". தானாக மறுத்துவிட்டாள். மறுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது, அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பம் போடலாம்.

அந்தச் சொல்லையும் அந்தக் குரலில் இருந்த இரக்கத்தையும் காளியப்பன் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறார். நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். தனியார் கல்லூரித் தாளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடக் கட்டணத்தை வாசித்துவிட்டு லோஷினியே அதை மடித்து வைத்தாள். உறையில் இருந்தது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. பேக்கரிக்காரர்கள் பர்மிட்டெல்லாம் எடுத்துவிட்டார்கள், அடுத்த வருடம் பார்க்கலாம்பா, ஒரு வருடம்தானே என்றாள். அவள் சொன்னதை மூன்று பேருமே நம்பவில்லை. ஒரு வருடம் என்று சிங்கப்பூர்ப் பாலம் தாண்டிப் போய், பத்து வருடமாக வேனில் தூங்கிக்கொண்டு போய்வரும் பிள்ளைகள் அந்தத் தாமான் குடியிருப்பிலேயே வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்கூடாய்க்குக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. மனோகரன்தான் காரைக் கொண்டுவந்தான். இனிமேல் வாடகைக் கார் ஓட்டப் போகிறானாம், அதற்காகக் காரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தான். பின்சீட்டில் லோஷினி, அவள் மடியில் தலையணை, பக்கத்தில் புஷ்பவள்ளி கட்டிக்கொடுத்த ஊறுகாயும் பலகாரமும். புஷ்பவள்ளி வரவில்லை, என்னால் வந்து பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டாள். வழியெல்லாம் மனோகரன் பேசிக்கொண்டே வந்தான். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஸ்கூடாயின் வாகன நெரிசலில் கார் ஊர்ந்தது. எதிரே பல்கலைக்கழக நுழைவாயில் தெரிந்தது, புது மாணவர்களை வரவேற்றுப் பெரிய துணிப் பதாகை கட்டியிருந்தார்கள். பெட்டியும் வாளியுமாகப் பிள்ளைகள், கூடவே அப்பா அம்மாக்கள்.

"கடைசிக் காசு வெள்ளிக்கிழமை விழுந்துச்சுடா," என்றான் மனோகரன். "இத்தோட முடிஞ்சிச்சு நம்ம சொக்சோ. உனக்கும் வந்துச்சுல்ல?"

காளியப்பன் அந்தப் பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகத் தலையாட்டுவார். இன்றைக்குத் தலை ஆடவில்லை.

"எனக்கு வந்ததே இல்ல மனோ," என்றார். "என்னைய யாரும் நிப்பாட்டல. நானே நின்னுட்டேன்."

மனோகரன் திரும்பி அவரைப் பார்த்தான், பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்ததும் காரை நகர்த்தினான். பின்சீட்டில் லோஷினி தலையணையைக் கட்டிக்கொண்டு, நுழைவாயில் இருந்த பக்கம் திரும்பாமல், மறுபக்கத்து ஜன்னல் வழியாகக் கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தாள்.